கூரை மிஸ்

எங்கள் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவருக்குக் கூரை மிஸ் என்று பெயர். வைத்தது பிள்ளைகள், ஊர் முழுக்கப் பரப்பியது பெற்றோர்கள். அவரிடம் படிக்கும் பிள்ளைகளிடம் கணக்குக் கேட்டால் பதில் சட்டென்று வராது. அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள், உதடு அசையும், அப்புறம்தான் வாய் திறக்கும். பதில் சரியாகத்தான் இருக்கும். ஆனால் சரியான பதிலுக்கு யார் காத்திருக்கிறார்கள்? வேகமான பதில்தான் எல்லோருக்கும் வேண்டும்.

நான் பக்கத்து அறையில் மூன்றாம் வகுப்பு டீச்சர். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தட்டிதான். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் நான் கைக்குட்டையை எடுக்க வேண்டும். என் வகுப்பில் வாய்ப்பாடு ராகம் போட்டு நடக்கும். "ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு" என்று நாற்பது தொண்டைகள் ஒன்றாகக் கத்துவதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அந்த நேரத்திலாவது ஒருவரை ஒருவர் கிள்ளாமல் இருக்கிறார்கள். கத்தல் உச்சத்துக்குப் போகும்போது தட்டியில் டொக் டொக்கென்று அடி விழும். அக்காதான். வயதில் மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கோபம் வரும்போதும் அக்காதான். அது அடிக்கடி வரும்.

அவர் வகுப்பில் அந்த ராகத்துக்கு இடமே கிடையாது. "பாட்டுல நடுவுல ஒரு வரி மறந்தா முதல்லேருந்து பாடணும். வழி தெரிஞ்சவன் எங்கேருந்து வேணும்னாலும் கிளம்பலாம்" என்பார். அவருக்கு எல்லாமே வழிதான். ஒன்பதால் பெருக்க வேண்டுமா, பத்தால் பெருக்கி ஒரு பங்கைக் குறை. ஐந்தா, பத்தால் பெருக்கிப் பாதியாக்கு. எட்டா, இரட்டிப்பாக்கு, அதை இரட்டிப்பாக்கு, இன்னொரு தடவை இரட்டிப்பாக்கு. எல்லோரும் பயப்படும் ஏழா, அதை ஐந்தும் இரண்டுமாக உடைத்துவிடுவார். சாக்கட்டியால் தரையில் சதுரக் கற்களைச் சுற்றிக் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஐந்து வரிசை, அந்தப் பக்கம் இரண்டு வரிசை என்று பிள்ளைகளை நடக்க விடுவார். பெருக்க வரும் அம்மாள் சாயங்காலம் வந்து, இந்த மிஸ் பெருக்கச் சொல்லித் தருகிறாரா, எனக்குப் பெருக்க வேலை வைக்கிறாரா என்று தினமும் கேட்பார். அந்தச் சிலேடையை அந்த அம்மாள் தெரிந்துதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பதில் வந்ததும் அக்கா விடமாட்டார். "எப்படி வந்துச்சு?" என்று கேட்பார். தப்பான பதிலுக்கும் அதே கேள்வி, சரியான பதிலுக்கும் அதே கேள்வி, அதே குரல். புதிதாக வரும் பிள்ளைகள் முதல் வாரம் அழுதுவிடுவார்கள், சரியாகச் சொல்லியும் திட்டுகிறாரே என்று.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர் அவர். ஒரு நாள் ஆசிரியர் அறையில் அதை முகத்துக்கு நேராகவே சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், "சரி, ஒன்பது முயலுக்கு எத்தனை கால்? பத்து முயலுக்கு முப்பது, ஒரு முயல் ஓடிப்போச்சு, இருபத்தேழு" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். இப்படிப்பட்டவரிடம் என்னதான் பேசுவது?

வீட்டிலும் இதே கூத்துதான். அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவர் சாப்பிட உட்கார்ந்தால் பதினெட்டை அஞ்சால் பெருக்கினால் எவ்வளவு என்று அக்கா கேட்பாராம். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாராம். வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஒரு பேச்சு உண்டே, அதன்படி மகனும் இரண்டும் மூன்றும் கூட்டவே போனைத்தான் தேடுவான். "ஊரான் பிள்ளைக்குத்தான் நான் டீச்சர்" என்று அக்காவே சொல்வார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் அந்தச் சிரிப்பு கண்ணுக்கு எட்டாது.

பெற்றோர்கள் படுத்திய பாடு தனி. மருந்துக்கடைக்காரர் ஒருவர் மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார். ஆறு ஒன்பது எவ்வளவு என்று வீட்டில் கேட்டிருக்கிறார். பையன் அறுபது என்று முனகி, ஆறைக் கழித்து, ஐம்பத்து நாலு என்றிருக்கிறான். "ஐம்பத்து நாலுக்கு நேராப் போக வேண்டியதுதானே மிஸ்? எதுக்கு அறுபது வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரான்?" என்று கேட்டார். நேர் வழி மறந்துபோனால் அவன் எங்கே நிற்பான் என்று அக்கா விளக்கினார். செவிடன் காதில் ஊதிய சங்கு. அவர் நேராகத் தலைமை ஆசிரியையிடம் போனார். எங்களுக்கெல்லாம் அவர் பெரிய மிஸ். பெரிய மிஸ்ஸிடம் இப்படிப் போனவர்கள் பலர்.

அதன் பலன்தான் வாய்மொழித் தேர்வு. வருடத்தின் நடுவில் பெரிய மிஸ்ஸே வகுப்புக்கு வந்து வாய்ப்பாடு கேட்பார். கேட்டுவிட்டு விரலால் மேஜையில் மூன்று தட்டுத் தட்டுவார். மூன்றாவது தட்டுக்குள் பதில் வரவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த பருவம் பின்கட்டு.

பின்கட்டு என்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் அறை. மூன்றிலும் நான்கிலும் ஐந்திலும் தேறாத பிள்ளைகளை ஒன்றாகப் போட்டு ஒரே மாஸ்டர் பார்த்துக்கொள்வார். அவர் கெட்டவர் இல்லை, அலுத்துப்போனவர். அங்கே போன பிள்ளைகள் அப்படியே மெல்ல மெல்லப் பள்ளிக்கூடத்துக்கு வருவதையே விட்டுவிடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். யாரும் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

அக்கா பயந்தது ஒரே ஒரு பிள்ளையை நினைத்துத்தான். துணி தேய்த்துக் கொடுக்கும் லாண்ட்ரிக்காரரின் மகள். மற்றவர்கள் என்னிடம் மூன்றாம் வகுப்பில் கத்திவிட்டுப் போனவர்கள், எப்படியாவது சமாளித்துவிடுவார்கள். இந்தப் பெண் அந்த வருடம்தான் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள். அங்கே பள்ளிக்கூடத்துக்குப் போனதைவிடப் போகாததுதான் அதிகம். வந்தபோது விரல் விட்டு எண்ணத்தான் தெரியும். பத்து விரலும் தீர்ந்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வாள்.

அவளை அக்கா பள்ளி விட்டபின் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் தாள் திருத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். முதலில் ஒன்பது. சட்டையை வைத்துத்தான் அவளுக்குப் பிடிபட்டது. கட்டுக்குப் பத்துச் சட்டை, ஆறு கட்டு, ஒவ்வொரு கட்டிலும் ஒரு சட்டை குறைகிறது என்று அக்கா சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கூரையைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. "ஐம்பத்து நாலு" என்றாள். எப்படி வந்தது என்று அக்கா கேட்பதற்குள் அவளே, "ஆறு சட்டை திருட்டுப் போச்சு மிஸ்" என்றாள். அக்கா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்குமுன் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

அதன்பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. எட்டை ஏழு தடவை எடுக்கச் சொன்னால், ஐந்து தடவை நாற்பது, இரண்டு தடவை பதினாறு, ஐம்பத்தாறு என்று உடைத்துச் சேர்த்துவிடுவாள். மருந்துக்கடைக்காரர் மகனுக்கே அவள்தான் பன்னிரண்டை எப்படி உடைப்பது என்று காட்டினாள். தேர்வுக்கு முந்தின நாள் அக்கா என்னிடம் வந்து, "அவ தப்பிச்சிடுவா, பாத்துக்கிட்டே இரு" என்றார்.

தேர்வு நேரத்தில் வகுப்பு ஆசிரியர் உள்ளே இருக்கக் கூடாது என்பது பெரிய மிஸ்ஸின் உத்தரவு. அக்கா தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தார். நான் என் பிள்ளைகளை எழுதப் போட்டுவிட்டுக் கதவருகே நின்றேன். உள்ளே மேஜையில் விரல் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு தடவை வகுப்பே கொல்லென்று சிரித்தது. கொஞ்ச நேரத்தில் பெரிய மிஸ் வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"அந்த லாண்ட்ரிக்காரர் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியல. கேட்டா எண்ணிப் பாத்தாத்தான் தெரியும்ங்கறா. திமிரு வேற. இத்தனை நாளா இதைத்தான் சொல்லித் தந்தீங்களா?"

அக்காவை வேறு என்ன சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பார். எண்ணிப் பார்த்தால்தான் தெரியும் என்ற வார்த்தையை அவரால் தாங்க முடியவில்லை. எண்ணுவதிலிருந்து மீட்கத்தானே அத்தனை பாடும்? உள்ளே போய் அவளை நிற்க வைத்துத் திட்டினார். தட்டி அதிர்ந்தது. விரல் விட்டு எண்ணவா இவ்வளவு நாள் உட்கார வைத்தேன், மண்டையில் ஏறியதெல்லாம் எங்கே போனது, என் மானத்தை வாங்கிவிட்டாயே என்று என்னென்னவோ கேட்டார். எனக்கே உள்ளே போய் அவர் வாயைப் பொத்தலாமா என்று இருந்தது.

சாயங்காலம் அவள் அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அக்கா கிளம்பினார். கோபத்தோடு தனியாக விடப் பயமாக இருந்ததால் நானும் கூடப் போனேன். கடை என்பது ஒரு வீட்டின் முன்னறை. நீள மேஜை, அதன்மேல் கருகிய கம்பளி, பின்னால் அடுக்கடுக்காகத் துணி, நீராவி வாசனை. அவள் கீழே உட்கார்ந்து காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, உட்காருங்க மிஸ் என்று ஸ்டூலைத் துடைத்தார். எப்படித் தொடங்குவது என்று அக்கா தொண்டையைச் செருமினார்.

அதற்குள் ஒரு வாடிக்கையாளர் பையோடு அவசரமாக வந்து, "ஏழெட்டு சட்டை இருக்கும், நாளைக்கு வேணும்" என்று மேஜைமேல் வைத்தார்.

அப்பா மகளைப் பார்த்து, "ஏழெட்டாம். எண்ணிப் பாரும்மா" என்றார்.

அவள் எழுந்து பையைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, "ஏழு" என்றாள். வாடிக்கையாளர் போய்விட்டார். நான்தான் முதலில் வாயில் கையை வைத்தேன்.

"காலையில பெரிய மிஸ் உன்கிட்ட என்ன கேட்டாங்க?" என்றார் அக்கா.

"ஏழெட்டுன்னாங்க மிஸ். எதை எண்ணணும்னு சொல்லவே இல்ல."

"அப்புறம்?"

"நாலஞ்சுன்னாங்க. சில நேரம் நாலு இருக்கும், சில நேரம் அஞ்சு இருக்கும்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

என் வகுப்பில் ஒரு நாளைக்கு இருபது தடவை கத்துகிறோம், ஏழெட்டு ஐம்பத்தாறு, நாலஞ்சு இருபது என்று. அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது பெருக்கல். கேட்காத காதுக்கு? கடையில் வந்து விழும் ஒவ்வொரு பையும் ஏழெட்டுத்தான், நாலஞ்சுதான். எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பெண் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

"எட்டு ஏழு தடவை?" என்று அக்கா கேட்டார். அவள் அண்ணாந்து, கம்பியில் தொங்கிய சட்டைகளைப் பார்த்து, "ஐம்பத்தாறு" என்றாள். எப்படி வந்தது என்று அக்கா கேட்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. "உன்னைத் திட்டிட்டேன்மா" என்றார். அவள் காலுறை ஜோடியைத் தேடப் போனாள். அப்பாவுக்கு எதுவும் புரியவில்லை. பிள்ளை நல்லாப் படிக்கிறாளா மிஸ் என்று மட்டும் கேட்டார். நல்லாப் படிக்கிறா என்றார் அக்கா.

திரும்பும் வழியில் அக்கா தன்மேலேயே எரிந்து விழுந்தார். தடவை தடவை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், அந்த ராகத்தை வகுப்புக்குள் விடமாட்டேன் என்று வீம்பு பிடித்தேன், ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஏழெட்டு என்றால் இதுதான் என்று சொல்லியிருந்தால் போதுமே என்றார். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் என்மேலா, அவர்மேலா, பெரிய மிஸ்மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் முதல் மணி அடிப்பதற்குள் பெரிய மிஸ்ஸின் அறைக்குப் போய்விட்டோம். அக்கா நடந்ததைச் சொல்லவில்லை. நேராக ஒரு கேள்வி கேட்டார். "மிஸ், உங்க மீட்டிங் ரூம்ல எத்தனை நாற்காலி இருக்கும்?"

பெரிய மிஸ் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "ஏழெட்டு இருக்கும். ஏன்?" என்றார்.

"ஐம்பத்தாறு நாற்காலியா மிஸ்?"

பேனா நின்றது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெரிய மிஸ்ஸின் உதடும் ஓரத்தில் துடித்ததைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அக்கா எல்லாவற்றையும் சொன்னார். பெரிய மிஸ் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "புரியுது. ஆனா நான் வெச்சது வாய்ப்பாட்டுப் பரீட்சை. அந்தப் பொண்ணுக்கு வாய்ப்பாடு தெரியாதுங்கறது உண்மைதானே?" என்றார்.

மறுபடி கேளுங்கள், அவளுக்குப் புரிகிற மாதிரி கேளுங்கள் என்று அக்கா கெஞ்சினார். ஒருத்தியிடம் மறுபடி கேட்டால் எல்லோர் அப்பா அம்மாவும் வாசலில் வந்து நிற்பார்கள், ஒரு பருவம்தானே, வாய்ப்பாட்டைக் கற்றுக்கொண்டால் தானே திரும்பி வரப்போகிறாள் என்றார் பெரிய மிஸ். கத்தியிருந்தால் நாங்களும் கத்தியிருப்போம். அவர் அவ்வளவு நியாயமாகப் பேசினார். நியாயமாகப் பேசுகிறவர்களிடம் சண்டை போடுவதைப் போல எரிச்சலான வேலை வேறு கிடையாது.

அவள் பின்கட்டுக்குப் போனாள். அக்கா அந்தப் பருவம் முழுக்க என்னோடுகூடச் சரியாகப் பேசவில்லை. சாயங்காலங்களில் அவளை வரச் சொல்லிப் பார்த்தார். பின்கட்டில் பள்ளி விட்டபின்னும் வாய்ப்பாடு ஒப்பிக்க அவளை நிறுத்திவைத்துக்கொண்டார்கள். தண்ணீர் குடிக்கப் போகும் சாக்கில் அக்கா தொட்டிப் பக்கம் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் நானும் நின்றேன். மாஸ்டர் உள்ளே, "மேல என்ன எழுதியா ஒட்டியிருக்கு? என்னப் பாத்துச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரிடம் என்று நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் அவள் பள்ளியைவிட்டு நின்றுவிடவில்லை. பருவம் முடிந்ததும் பெரிய மிஸ்ஸே அவள் தோளில் கை போட்டு நான்காம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். "கேட்டுப் பாருங்க, இப்ப எப்படிச் சொல்றான்னு" என்று சொல்லிவிட்டுப் பெருமையோடு போனார். உண்மையிலேயே அவருக்குச் சந்தோஷம்தான்.

மற்ற பிள்ளைகள் விளையாட்டுப் பாட வேளைக்கு வெளியே போயிருந்தார்கள். அறையில் அக்காவும் அவளும்தான். நான் கடன் வாங்கியிருந்த சாக்கட்டிப் பெட்டியைத் திருப்பித் தர வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏழெட்டு?" என்றார் அக்கா.

"ஐம்பத்தாறு." கேள்வி முடிவதற்குள் வந்தது பதில். கண் இமைக்கவில்லை, உதடு முனகவில்லை. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"எப்படி வந்துச்சு?"

"யோசிக்கவே வேணாம் மிஸ். சொன்னா வந்துடும்."

அக்கா விடவில்லை. "சரி, ஒன்பது ஏழு தடவை?"

"ஒன்பதாம் வாய்ப்பாடு இன்னும் நடத்தல மிஸ். எட்டு வரைக்கும்தான் ஆச்சு."

ஆறு சட்டை திருட்டுப் போச்சு என்று சொன்ன பெண்தான் இவள். எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. கையில் இருந்த சாக்கட்டிப் பெட்டியை எங்கே எறிவது என்று தெரியவில்லை. அக்கா கோபப்படுவார், பெரிய மிஸ் அறைக்குப் போவார், இந்த முறை நானும் கூடப் போய்க் கத்தலாம் என்று காத்திருந்தேன்.

அக்கா போகவில்லை. பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கட்டுக்குப் பத்துச் சட்டை. ஏழு கட்டு. ஒவ்வொரு கட்டுலயும் ஒரு சட்டையக் காணோம்."

அவள் முதலில் வாசலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வேறு யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான், மெல்ல, கூரையைப் பார்த்தாள்.